டாலிகஞ்சுக்கு வந்த ஓஹையோக்காரர்

நம் சங்கத்து அன்பர்களில் பலர் லேக் மார்க்கெட்டுக்கு வாழையிலையும் கறிவேப்பிலையும் வாங்க வாரம் தவறாமல் வருகிறவர்கள். அங்கிருந்து காளிகாட் மெட்ரோவுக்கு நடந்து, தெற்கே போகும் வண்டியில் ஏறினால் இரண்டாவது நிலையம் டாலிகஞ்ச். 1986-இல் மெட்ரோ அங்கே வந்தபோது அதுதான் பெயர். இப்போது மகாநாயக் உத்தம்குமார். ஒரு நடிகர் பெயரில் ரயில் நிலையமா என்று அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்து முகம் சுளித்தவர்களில் நானும் ஒருவன். 2019-இல் சென்னை சென்ட்ரலுக்கே எம்.ஜி.ஆர். பெயர் வந்த பிறகு சுளிப்பதை விட்டுவிட்டேன்.

ஹவுராவில் புறப்பட்டு ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் ஓடி மெயில் போய் நிற்கும் நிலையத்தின் பெயருக்கும், நம் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் டாலிகஞ்சுக்கும் நடுவில் ஒரு அமெரிக்கர் நிற்கிறார். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் என் தம்பி மகன்.

பையனுக்கு இருபத்து நான்கு வயது. திருச்சியில் சிவில் டிப்ளமா முடித்தான். நான் படித்த அதே படிப்பு. பிறகு சினிமா எடுக்கப் போகிறேன் என்று சொல்லி, கல்கத்தாவில் 1995-இல் தொடங்கிய சத்யஜித் ராய் திரைப்படக் கல்லூரிக்கு நுழைவுத் தேர்வு எழுதினான். இடம் கிடைக்கவில்லை. ஊருக்குத் திரும்புவான் என்று எல்லோரும் நினைத்தோம். அவனோ எங்கள் மொட்டைமாடி அறையில் பாயை விரித்துவிட்டான். பதினான்கு மாதமாகிறது. ஒரு வங்காளிப் பட இயக்குநரிடம் நான்காவது உதவியாளன். முதல் மூன்று பேர் செய்ய விரும்பாததெல்லாம் இவன் வேலை. கிளாப் அடிப்பது, நடிகர் எந்தக் கையில் கோப்பை வைத்திருந்தார் என்று குறித்துக்கொள்வது, டீ சொல்வது. காலை ஐந்து மணிக்குப் போனால் இரவு எத்தனை மணிக்கு வருவான் என்று சொல்ல முடியாது. என் மனைவி சோற்றை மூடிவைத்துவிட்டுப் படுப்பாள். ஓய்வு நாளில் தூங்குவான் என்று பார்த்தால் நந்தனில் ஏதோ பழைய படம் என்று கிளம்பிவிடுவான்.

அவனுக்கு வங்காளி தெரியாது. வசனத்தை யாரையாவது படிக்கச் சொல்லி, தமிழ் எழுத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்கிறான். ஒருநாள் அதை வாங்கிப் பார்த்தேன். ஒரே பக்கத்தில் மூன்று இடத்தில் "கால்" என்று இருந்தது. ஒன்று நாளை, இன்னொன்று வாய்க்கால், மூன்றாவது கன்னம். நம் எழுத்தில் நாலு "க"வுக்கும் ஒரே "க"தான். தமிழனுக்கு அது காலாகவே நிற்கிறது. போதாததற்கு வங்காளியில் நேற்றும் "கால்", நாளையும் "கால்". முப்பத்தெட்டு வருடம் தென்கிழக்கு ரயில்வேயில் காங் ஆட்களோடு மாரடித்த நானே அதில் இன்னும் தடுக்கி விழுகிறேன்.

"இந்த பாஷையும் தெரியாம நீ என்னடா படம் எடுக்கப் போற?" என்று கேட்டேன்.

"டங்கனுக்குத் தமிழ் தெரியுமா பெரியப்பா?" என்றான்.

எல்லிஸ் ஆர். டங்கன் என்ற பெயரைப் பழைய படங்களின் எழுத்துகளில் நம்மில் பலர் பார்த்திருப்போம். 1909-இல் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் பார்ட்டன் என்ற சிற்றூரில் பிறந்தவர். படம் எடுக்க வேண்டும் என்ற ஆசையில் தெற்கு கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் அந்தக் கலையைப் படித்தார். அங்கே அவரோடு படித்தவர் மாணிக்லால் டாண்டன் என்ற இந்தியர். நம் நாட்டில் வந்து பார், வேலை இருக்கிறது என்று டாண்டன் அழைக்க, 1935 தொடக்கத்தில் டங்கன் மைக்கேல் என்ற இன்னொரு வகுப்புத் தோழரையும் கூட்டிக்கொண்டு கப்பலேறி வந்து இறங்கினார். ஆறு மாதம் இருந்து பார்க்கலாம் என்பது திட்டம். இருந்தது பதினைந்து வருடம்.

அவர் இந்தியாவில் முதன்முதலாகக் காமிராவில் கை வைத்தது எங்கே என்று நினைக்கிறீர்கள்? நம் கல்கத்தாவில்தான். டாண்டன் அப்போது இங்கே "பக்த நந்தனார்" எடுத்துக்கொண்டிருந்தார். கிட்டப்பா 1933-இல் காலமான பிறகு மேடையை விட்டு ஒதுங்கியிருந்த கே.பி. சுந்தராம்பாளை லட்ச ரூபாய் சம்பளம் பேசி நடிக்கவைத்த படம் அது. அந்தக் காலத்து லட்சம்! வேதியராக மகாராஜபுரம் விசுவநாதய்யர். அந்தப் படத்தின் சில காட்சிகளை டங்கன் எடுத்துக் கொடுத்தார். பண்ணையாள் நந்தனார் சிதம்பரத்துக்குப் போக ஏங்குகிற கதையை, ஓஹையோவிலிருந்து வந்த இருபத்தாறு வயதுப் பையன் வங்காளத்தில் வைத்துப் படம் பிடித்திருக்கிறான். அவனுக்கு அதில் என்ன புரிந்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

தமிழ்ப் படத்துக்குக் கல்கத்தா எதற்கு என்று இளைஞர்கள் கேட்கலாம். 1931-இல் வந்த முதல் தமிழ் பேசும் படமான "காளிதாஸ்" பம்பாயில் எடுக்கப்பட்டது. சென்னையில் ஒலிப்பதிவோடு கூடிய ஸ்டூடியோ 1934 வரை கிடையாது. அதனால் நம்மவர்கள் பம்பாய்க்கும் கோலாப்பூருக்கும் கல்கத்தாவுக்கும் அலைந்தார்கள். ஏவி. மெய்யப்பச் செட்டியாரின் முதல் படமான "அல்லி அர்ஜுனா"வும் 1935-இல் இங்கேதான் தயாரானது. அது ஓடவில்லை. அதற்காக அவர் ஓய்ந்துவிடவும் இல்லை. அவருக்கும் முன்பே, 1933-இல், டி.பி. ராஜலட்சுமி நடித்த "வள்ளி திருமணம்" கல்கத்தா பயோனியர் கம்பெனியோடு சேர்ந்து எடுக்கப்பட்டது. அதை எடுத்தவர் கோவை சாமிக்கண்ணு வின்சென்ட். இந்த வின்சென்ட் யார்? திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்தவர்! 1905-இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். எங்கள் துறைக்காரர் என்பதால் எனக்கு அவர்மேல் தனி அபிமானம். என் தம்பிக்கு இந்தச் செய்தியைச் சொன்னபோது அவன் ரசிக்கவில்லை.

இங்கே இருந்த ஸ்டூடியோக்களும் சாமான்யப்பட்டவை அல்ல. நியூ தியேட்டர்ஸை 1931-இல் தொடங்கிய பி.என். சர்க்கார் லண்டனில் படித்த என்ஜினீயர். (சினிமாவுக்கும் என்ஜினீயருக்கும் சம்பந்தமில்லை என்று சொல்கிறவர்கள் கவனிக்க.) பின்னணிப் பாட்டு என்பது 1935-இல் அங்கேதான் பிறந்தது. கெம்காவின் ஈஸ்ட் இந்தியா ஃபிலிம் கம்பெனி எடுத்த "சீதா" 1934-இல் வெனிஸ் திரைப்பட விழாவுக்குப் போனது. ஒலிப்பதிவுக்காக வந்த டெமிங் என்ற இன்னொரு அமெரிக்கர் டாலிகஞ்சைப் பார்த்துவிட்டு, தம் நாட்டுப் பத்திரிகையில் "டாலிவுட்" என்று எழுதினார், 1932-இல். பம்பாய்க்காரர்கள் தங்களுக்கு ஒரு "வுட்" ஒட்டிக்கொண்டதெல்லாம் பிற்பாடு.

அந்த ஈஸ்ட் இந்தியா ஸ்டூடியோவுக்குத்தான் டங்கன் மறுபடி வந்தார். நடுவில் அவருக்கு ஒரு திருப்பம். மருதாசலம் செட்டியார் "சதி லீலாவதி" எடுக்க டாண்டனை அணுகினார். டாண்டனுக்கு நேரமில்லை, என் நண்பன் இருக்கிறான் என்று டங்கனைக் கைகாட்டினார். எஸ்.எஸ். வாசன் எழுதிய கதை. எம்.கே. ராதா கதாநாயகன். போலீஸ் இன்ஸ்பெக்டராக ஒரு சின்ன வேஷத்தில், நாடகக் கம்பெனியிலிருந்து வந்த ஒரு மெலிந்த இளைஞர். 1936-இல் படம் வந்தது. அந்த இளைஞர் பெயரைத்தான் இப்போது சென்ட்ரல் நிலையம் தாங்கி நிற்கிறது. வில்லனாக டி.எஸ். பாலையாவுக்கும் அதுவே முதல் படம். முகத்தையும் குரலையும் தவிர வேறொன்றும் புரியாத ஒரு மனிதர்தான் இவர்களை முதலில் இயக்கினார்.

1937-இல் "அம்பிகாபதி". தியாகராஜ பாகவதரும் எம்.ஆர். சந்தானலட்சுமியும். கம்பர் மகனுக்கும் சோழ இளவரசிக்கும் காதல். கம்பராக செருகளத்தூர் சாமா. டங்கன் என்ன செய்தார் தெரியுமோ? ஷேக்ஸ்பியரின் "ரோமியோ ஜூலியட்" புத்தகத்தில் காதல் பேச்சுகளை அடிக்கோடிட்டு, வசனம் எழுதிய இளங்கோவனிடம் கொடுத்தார். இளங்கோவன் அதை அப்படியே பெயர்த்துவிடாமல் தமிழாக்கித் தந்தார். மாடத்தில் அவள், கீழே அவன் என்ற காட்சியை நம்மூர் ஜனங்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். படம் வருடக் கணக்கில் ஓடியது.

நான் 1981-இல் கரக்பூரில் வேலைக்குச் சேர்ந்தபோது, மெஸ்ஸில் ஒரு பெரியவர் சாப்பிட வருவார். பழைய பெங்கால் நாக்பூர் ரயில்வேயில் கணக்கராக இருந்தவர். 1937-இல் பாகவதர் டாலிகஞ்சில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, லீவு போட்டுவிட்டு டிராம் ஏறிப் போய் ஸ்டூடியோ வாசலில் மத்தியானம் முழுக்க நின்றாராம். கடைசியில் ஒரு கார் வெளியே வந்தது. உள்ளே பாகவதரா, வேறு யாராவதா என்று தெரியாதபடி புழுதி. "ஆனா வாசன வந்துது தம்பி, அத்தர் வாசன. அவருதான்" என்பார். நாற்பத்து நாலு வருடம் கழித்தும் அதைச் சொல்லும்போது மூக்கை ஒருமுறை உறிஞ்சிக்கொள்வார்.

அந்தக் காலத்துப் பிரயாணத்தையும் நினைத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து வால்டேர் வரை மதறாஸ் சதர்ன் மராட்டா ரயில்வே, அதற்கு மேல் பெங்கால் நாக்பூர். கரி எஞ்சின். இரண்டு இரவு. ஒரு தமிழ்ப் படத்துக்காக மனிதர்கள் கோதாவரியையும் மகாநதியையும் தாண்டி வந்திருக்கிறார்கள். டங்கனாவது ஆசைப்பட்டு வந்தவர். அவர்களில் முக்கால்வாசிப் பேர் வயிற்றுப்பாட்டுக்கு வந்தவர்கள்.

டங்கனுக்குக் கடைசிவரை தமிழ் வரவில்லை. வசனத்தை ஆங்கிலத்தில் தெரிந்துகொண்டு, உதவியாளர்கள் துணையோடு நடிகர்களிடம் வேலை வாங்கினார். காமிராவை ஒரே இடத்தில் நட்டுவைத்து நாடகத்தைப் படமெடுப்பது வழக்கமாக இருந்த நாளில், அதை நகர்த்திப் பார்த்தவர்களில் அவர் முக்கியமானவர். 1940-இல் எம்.எஸ். சுப்புலட்சுமியும் ஜி.என். பாலசுப்பிரமணியமும் நடித்த "சகுந்தலை". பிறகு 1945-இல் "மீரா". அதற்கு ஒளிப்பதிவு செய்தவர் ஜிதன் பானர்ஜி, வங்காளி. சென்னை நியூடோன் ஸ்டூடியோவை நிறுவியவர்களில் ஒருவர். டங்கனும் அவரும் எம்.எஸ்.ஸின் முகத்தை மார்பளவுச் சிலையாகச் செய்யச் சொல்லி, அதன்மேல் விளக்கை இப்படியும் அப்படியும் திருப்பி, எந்தக் கோணத்தில் எந்த வெளிச்சம் என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொண்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. பாலம் கட்டுவதற்கு முன் மாதிரி செய்து பார்க்கிற புத்தி. மீராவின் முகத்தில் தெரியும் அந்த ஒளி பக்தியால் மட்டும் வந்ததல்ல.

1950-இல் "மந்திரி குமாரி". கலைஞர் வசனத்துக்காகவே இன்றைக்கும் பேசப்படும் படம். அதை இயக்கியவருக்கு அந்த வசனத்தில் ஒரு வரி புரியாது என்பது வேடிக்கைதான். படம் முடிவதற்குள் டங்கன் அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட, மீதியை மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் முடித்தார். ஊருக்குப் போன டங்கன் ஹாலிவுட்டில் பெரிய இயக்குநராகிவிடவில்லை. மேற்கு வர்ஜீனியாவில் வீலிங் என்ற ஊரில் தங்கி விவரணப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார். 1994-இல் சென்னைக்கு வந்தபோது பழைய ஆட்கள் கூடி மரியாதை செய்தார்கள். 2001 டிசம்பரில் தொண்ணூற்றிரண்டு வயதில் காலமானார். 2013-இல் கரண் பாலி என்பவர் இவரைப் பற்றி "அன் அமெரிக்கன் இன் மெட்ராஸ்" என்று ஒரு படம் எடுத்தார். பையன் அதை எனக்குப் போட்டுக் காட்டினான். இந்தக் கட்டுரைக்கு விதை அன்றைக்கு விழுந்தது.

இனி என் தம்பி விஷயம். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறான். அடுத்த வருடம் ஓய்வு. இரண்டு மாதத்துக்கு முன் போன் செய்தான். "அண்ணே, ரயில்வே தேர்வுக்கு அறிவிப்பு வரப்போவுது. அவன் நான் சொன்னா கேக்க மாட்டான், நீங்க சொன்னா கேப்பான். ஒங்க பேச்ச நானே கேட்டவன்தானே" என்றான்.

கடைசி வாக்கியத்தை அவன் குத்தலாகச் சொல்லவில்லை. அவனுக்குக் குத்தத் தெரியாது. 1986-இல் இதே தம்பி அடையாறு திரைப்படக் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தான். ஒளிப்பதிவு படிக்க வேண்டும் என்று ஆசை. அப்பா இல்லாத வீடு. கரக்பூரிலிருந்து நான் அனுப்பும் மணியார்டரில்தான் அடுப்பெரிந்தது. நான் ஓர் இன்லேண்ட் லெட்டர் எழுதினேன். என்ன எழுதினேன் என்பது வரி வரியாக நினைவிருக்கிறது. இங்கே சொல்ல வேண்டாம். அவன் பதில் எழுதவில்லை. அப்ரென்டிஸாகச் சேர்ந்துவிட்டான் என்று அம்மா எழுதச் சொல்லி வந்த கார்டில் தெரிந்துகொண்டேன். பையனுக்கு இது தெரியாது. அவன் அப்பா சொன்னதில்லை.

அதனால் பேசுகிறேன் என்று தம்பிக்கு வாக்குக் கொடுத்தேன். பேச ஒரு நல்ல சமயம் பார்த்துக்கொண்டிருந்தேன். போன மாதம் பவானிபூரில் ஒரு பழைய வீட்டில் ஷூட்டிங், வந்து பாருங்கள் பெரியப்பா என்று அவனே கூப்பிட்டான். போய்ப் பார்த்துவிட்டு, இந்தப் பிழைப்பா உனக்கு என்று அங்கேயே ஆரம்பிக்கலாம் என்று எண்ணிக்கொண்டு போனேன்.

நீளமான வராந்தா. ஒரு கிழவி ஜன்னல் ஜன்னலாகச் சாத்திக்கொண்டு வர, காமிரா அவள் கூடவே டிராலியில் வர வேண்டும். தரையில் தண்டவாளம் போட்டிருந்தார்கள். இரண்டடி அகலம் இருக்கும். ஐந்து துண்டுகள் இணைத்தது. மூன்று தடவை எடுத்தார்கள். மூன்று தடவையும் இயக்குநர் தலையில் கை வைத்தார். மூன்றாவது இணைப்பில் காமிரா குலுங்குகிறது. அடியில் அட்டையைக் கொடுத்தார்கள், செய்தித்தாளை மடித்துக் கொடுத்தார்கள். பையன் முழங்காலிட்டுக் கண்ணை ஓரமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கைப்பேசியிலேயே மட்டம் பார்க்கலாம் என்று ஒருவன் நீட்டினான்.

என் வாழ்நாளில் பாதி தள்ளு டிராலியில் உட்கார்ந்து தண்டவாளத்தைப் பார்த்தே போனது. எனக்கு அங்கே உட்கார இருப்புக் கொள்ளவில்லை. வீடு பக்கம்தானே என்று டாக்சி பிடித்துப் போய் என் பழைய ரசமட்டத்தைக் கொண்டுவந்தேன். வைத்துப் பார்த்தால் அந்த இணைப்பு தாழ்ந்திருக்கவில்லை. அதற்கு முந்தின துண்டின் நடுப்பகுதி தாழ்ந்திருந்தது. பழைய சலவைக்கல் தரை, நடுவில் தேய்ந்த பள்ளம். குலுங்குகிற இடத்திலேயே தோண்டிக்கொண்டிருந்தால் குலுக்கல் போகாது. இது எங்கள் ஆட்களுக்குக்கூட விளங்கவைக்கக் கஷ்டமான விஷயம். நான் சொல்லி முடிப்பதற்குள் பையன் மர ஆப்பை எடுத்துச் சரியான இடத்தில் செருகிவிட்டான். இரண்டு பக்கமும் சமமாக, ஒன்று மாற்றி ஒன்று, மெதுவாகத் தட்டிக்கொண்டே குமிழியைப் பார்த்தான். யாரும் சொல்லித் தராமல் அப்படித் தட்டுகிற கை எத்தனை பேருக்கு இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவன் அப்பாவுக்கு இருந்தது.

நாலாவது தடவை காமிரா தண்ணீரில் போவதுபோலப் போனது. இயக்குநர் என்னிடம் வந்து காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். ரசமட்டத்தை அன்றைக்கு அவர்களிடமே விட்டுவிட்டு வந்தேன். இன்னும் திரும்பி வரவில்லை.

பேசவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தம்பி வாரம் ஒருமுறை கேட்கிறான். "நேர்ல வாடா, பேசிக்கலாம்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். வருகிற வியாழக்கிழமை மெயிலில் வருகிறான். முன்பதிவு ஆகிவிட்டது, சைடு லோயர்தான் கிடைத்தது.

பையன் இப்போது சொந்தமாக ஒரு பத்து நிமிஷப் படம் எடுக்கிறான். பிரின்செப் காட்டில், சர்க்குலர் ரயில் போகும் பாதைக்கு இப்பால் ஒரு பெஞ்சில், குடையோடு ஒரு மனிதர் உட்கார்ந்திருக்க வேண்டும். வசனம் கிடையாது. வண்டி போகும்போது நிமிர்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அறுபது வயது ஆள் தேடிக்கொண்டிருந்தான். நேற்று ராத்திரி சாப்பிடும்போது, "அப்பா உட்காருவாரா பெரியப்பா?" என்று கேட்டான்.

நீயே கேள் என்றேன். காலையில் கரியாஹாட் போய்க் குடை மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன், கறுப்பு, வளைந்த பிடி.